ஆளுக்கொரு காற்று

ஒத்தப்பனைவலசையில் காற்று ஆளுக்கொன்றாகப் பிரிந்தது ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. மணி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில்தான் பாய்ப்பள்ளி நடத்துகிற கேப்டன் ருத்ரமூர்த்தி கொட்டகையில் போனைக் கையில் பிடித்தபடி "பன்னிரண்டு!" என்று கத்தினார், அந்தப் பன்னிரண்டை நம்பித்தான் நைனா முகமது ஏழரை மீட்டர் பாயைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினான், இறங்கியவனைக் கால் மணி நேரம் கழித்து இரண்டு மைல் தள்ளி நண்டுவலைக்காரர்கள் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தார்கள்.

பாய்ப்பள்ளி என்றால் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுமில்லை. நீளமான தகரக் கொட்டகை, அதில் இருபது பலகைகள், பலகைமேல் நட்டு நின்றபடியே பிடித்து ஓட்டுகிற பாய்கள் மூன்றேமுக்கால் மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர் வரை, அப்புறம் கரையின் கோடியில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும், சுற்றுகிற வேகத்தை அது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருடைய போனுக்கும் அனுப்பும். கடற்காரர்கள் காற்றை நாட் கணக்கில் சொல்வார்கள். எட்டு நாட் என்றால் சேலை முந்தி அசையும், இருபது என்றால் குடை திரும்பிக்கொள்ளும், முப்பது என்றால் கூரைக் கீற்று பக்கத்துத் தெருவுக்குப் போகும். காற்று குறைய குறையப் பெரிய பாய், கூட கூடச் சின்னப் பாய், அவ்வளவுதான் வித்தை. எந்த எண்ணுக்கு எந்தப் பாய் என்று கொட்டகைச் சுவரில் ஓர் அட்டவணை ஆணியடித்து மாட்டியிருந்தது. வழக்கம் என்னவென்றால், முதலில் போனைப் பார்க்கிறவர் எண்ணைக் கத்துவார், மற்றவர்கள் தங்கள் போனைத் தொடாமல், கையை நீட்டிக் காற்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், கத்திய எண்ணுக்கு உரிய பாயை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஒருவர் கத்த ஊரே நம்புகிற இந்த வழக்கத்தால்தான் நைனா மாட்டிக்கொண்டான். கேப்டனுக்குப் பன்னிரண்டு. நைனாவுக்கு அன்றைக்கு வந்திருந்தது இருபத்தாறு.

அதே கரையில், அதே ஏழரை மீட்டர் பாயோடு, இடுப்பளவு தண்ணீரில் மதலேன் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, பாசியெடுக்கிற பிரகாசியின் மகள், அந்தப் பள்ளியில் பாய்களைக் கழுவிக் காயப்போடுகிற வேலைக்கு வந்து, ஒரே வருடத்தில் கழுவுகிறவர்களையும் ஓட்டுகிறவர்களையும் ஒருசேரத் தோற்கடித்தவள். அவள் பாய் மட்டும் கொடியில் போட்ட ஈரத்துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வரும் வரும் என்று அவள் மதியம் வரை நின்றாள். கரையேறிப் போனைக் கையில் எடுத்தாள். பூஜ்ஜியம் என்றது. நைனாவின் போனைப் பிடுங்கினாள். அவன் கையில் இருபத்தாறாக இருந்தது அவள் கைக்கு வந்ததும் பூஜ்ஜியமானது.

"ஒன் கையில கரண்டு இல்ல போல," என்றான் நைனா, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே.

"ஒன் தலையில இல்லாதது என் கையில எப்படி இருக்கும்?" என்றாள் மதலேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போனைக் கைமாற்றிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டது. அவரவருக்கு அவரவர் காற்று. அது அவரையும் அவர் கையில் பிடித்திருப்பதையும் தவிர வேறெதையும் தொடாது. பக்கத்தில் நிற்பவரின் புயல் நம் இமையைக்கூட அசைக்காது. கணவனும் மனைவியும் ஒரே தெருவில் சேர்ந்து நடந்தார்கள், அவர் சட்டை தெற்கே பறந்தது, அவள் சேலை வடக்கே பறந்தது. மரங்கள் யார் கையிலும் இல்லாததால் அசையாமல் நின்றன. பட்டணத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று பேர் வந்து கம்பத்தைக் கழற்றிப் புதுக் கம்பம் நட்டார்கள், புதுசும் அதையே சொன்னது. போகிற நாளில் தங்கள் எண்களையும் பார்த்துக்கொண்டார்கள், அவர்களில் மேலதிகாரிக்கு இரண்டும் உதவியாளருக்கு இருபத்தொன்பதும் வந்ததால் அறிக்கை எதுவும் எழுதாமல் புறப்பட்டுவிட்டார்கள். ஏன் இப்படி என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. எப்படிப் பிழைப்பது என்றுதான் கேட்டார்கள், கேட்டுப் பதினைந்தே நாளில் பழகிக்கொண்டார்கள்.

இருபதுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பஸ் கண்டக்டர் டிக்கெட்டை வாயில் கவ்வக் கொடுத்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அவரவர் எண்ணுக்கு ஏற்ப ஹெட்மாஸ்டர் கூழாங்கல் வழங்கினார், நாலு நாட் வேகத்துக்கு ஒரு கல். பாய் வைத்த வத்தைப் படகுகளில் பதினெட்டு உள்ளவர்களைப் பாய்க்கயிறு பிடிக்க அழைத்துப் போனார்கள். பிரகாசிக்கு முப்பத்தொன்று வந்திருந்தது, ஊரிலேயே பெரிய எண். தெருப் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க, ஜெபமாலையில் பத்து மணி உருட்டிச் சொல்லி முடிப்பதற்குள் துணி பப்படமாகக் காய்ந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் விரல்களுக்குள் போனைச் செருகினார்கள், இரண்டு என்றது, குழந்தை வீறிட்டு அழுததும் ஐந்து என்றது, பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். வலைபின்னும் அந்தோணிப்பிள்ளை இறந்தபோது அவருடைய பதினான்கு நாட் அவரோடு போகவில்லை; கல்லறைமேல் போட்ட மாலையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சுற்றியது, நான்காம் நாள் காலை மாலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எங்கோ போனது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

இதெல்லாம் சரி. அதிசயம் வந்தால் மனிதர் மாறிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை இந்த ஊருக்கு அழைத்துவர வேண்டும். நைனாவின் இருபத்தாறை டீக்கடையில் சிங்கம் என்றார்கள். பிரகாசியின் முப்பத்தொன்றைக் காத்துப் பிடிச்சவ என்றார்கள். முந்தியை ஏழு ஊக்கு குத்தி அடக்கிக்கொண்டு அவள் தெருவில் வந்தால், பொம்பளைக்கு எதுக்கு இத்தனை காத்து, வீட்டோட இருக்கலாமே என்று அவள் காயவைத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டே பேசினார்கள். ஆணுக்கு வந்தால் வீரம், பெண்ணுக்கு வந்தால் வியாதியா? இரண்டும் ஒரே கம்பம் சொன்ன எண்தானே? கேட்டால் சிரிப்பார்கள். ஐந்துக்குக் கீழே எண் உள்ள பெண்களை அடக்கமான புள்ளைகள் என்று தரகர்கள் தனி நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியில் மதலேன் இருந்தாள்.

அவளைக் கொண்டாடியதுபோல் ஊர் இதுவரை யாரையும் கொண்டாடியதில்லை. பூசைக்கு விளக்கேற்றுகிற கோயில்பிள்ளைக்குப் பத்தொன்பது நாட் என்பதால் அவரால் ஒரு திரியும் ஏற்ற முடியவில்லை. பீடத்து மெழுகுவர்த்தி அத்தனையையும் மதலேன்தான் ஏற்றினாள். அவள் கையில் சுடர் வரைந்துவைத்த மாதிரி அசையாமல் நின்றது, சனம் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. கேப்டனோ கொட்டகையில் புது விதி எழுதி ஒட்டினார்: போனில் எட்டுக்குக் கீழே காட்டுகிற யாருக்கும் பாய் கிடையாது. அசையாத சுடரை ஏந்திக்கொண்டு பீடத்துக்கும் வாசலுக்கும் நடக்கையில் மதலேனுக்கு எரிச்சலாக வந்தது. பாதிக் கடலில் பாய் நிறைந்து பலகை தண்ணீரை விட்டு எழும்புகிற அந்த ஒரு நொடிக்காக இருபத்திரண்டு வயதுவரை காத்திருந்து, அது கிடைத்த வருடமே பிடுங்கப்பட்டவளை, எவ்வளவு அமைதியான பெண் என்று புகழ்ந்தால் எரியாதா?

பிரகாசிக்கு மகளின் எரிச்சல் தெரியும். "முப்பத்தொண்ண வச்சு நான் என்ன செய்ய, பாதிய அறுத்துத் தரவா புள்ள?" என்று கேட்டு, சும்மாவும் இராமல், ஒரு மத்தியானம் அவளோடு பலகையில் ஏறிப் பாயைச் சேர்த்துப் பிடித்தாள். பாய் யார் கைக்குக் கட்டுப்படுவது என்று தெரியாமல் ஒரு பக்கம் கிழிகிற மாதிரி உப்பி மறுபக்கம் செத்துத் தொங்கி, இருவரையும் சேற்றில் குப்புறப் போட்டது. வாயில் சேறோடு பிரகாசி விழுந்து விழுந்து சிரித்தாள். மதலேன் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்துச் சேறு காய்ந்து பறந்துகொண்டிருந்தது, ஒரு துணுக்குகூட அவள்மேல் படவில்லை.

சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஊருக்கும் ஓர் இழப்பு இருந்தது, யாரும் வாயால் சொல்லாத இழப்பு. கூரையில் ஃபேன் சுற்றியது, கீழே படுத்தவர்மேல் படவில்லை. காய்ச்சலில் கிடக்கும் கணவனுக்கு மனைவி விசிறினால் காற்று அவள் முகத்துக்கே திரும்பியது. பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் தாய் ஊதுவாள், ஊதுவது பிள்ளைக்குத் தெரியாது. "ஊதும்மா" என்று அழும், அவள் ஊதிக்கொண்டுதான் இருப்பாள்.

டவுனில் மாவுமில் வைத்திருந்த ஒரு குடும்பம் ஐப்பசியில் பெண் கேட்டு வந்தது. மருமகள் மில்லுக்குள் நடந்தால் ஒரு பொட்டு மாவும் பறக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. மாப்பிள்ளையின் தாயார் மதலேனின் உள்ளங்கையில் ஒரு குத்து மைதாவை வைத்து வீட்டைச் சுற்றி வரச் சொன்னாள், சுற்றி வந்த பிறகு வைத்த மாவில் ஒரு துகள் குறையவில்லை என்று கண்டு அங்கேயே பேசி முடித்தாள். மதலேனின் அப்பா சூசைக்கு ஒன்பது நாட். வாழ்க்கையில் எதுவும் பெரிதாக அடிக்காமல் பார்த்துக்கொண்ட மனிதர். பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு மணமக்கள் பேரை வாசிப்பது முறை, மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் அப்புறம் தாலிதான். இரண்டு வாசித்தாகிவிட்டது.

"எனக்கு வேணாம்பா," என்றாள் மதலேன்.

"எது வேணாம்?"

"மில்லு."

"பின்ன எது வேணும்? பாயா? காத்தே வராத புள்ளைக்குப் பாய் எதுக்கு, போர்த்திக்கிட்டுப் படுக்கவா?" சூசை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பேச்சு அவர் வாயை மீறிப் போனது. "சனிக்கிழமை பாய்ப்பள்ளிப் போட்டியில கல்லாந்தீவச் சுத்துறாய்ங்கல்ல. நீயும் சுத்திக் கரைக்கு வந்து காட்டு. மூணாவது ஓலைய நானே போயி நிறுத்துறேன்."

"ஆண்டவர் மேல சத்தியமா?"

"போ புள்ள. சத்தியமாத்தான்."

அடுப்படியிலிருந்து பிரகாசி எட்டிப் பார்த்தாள். "நான் கேட்டுட்டேன். சாட்சி நானு," என்றாள்.

கேப்டன் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. நல்ல மனிதர், ஆனால் விதி எழுதியவர்.

"விதி எதுக்கு சார் எழுதினீங்க?" என்று கேட்டாள் மதலேன்.

"நடுக்கடல்ல காத்து கைவிட்டா திரும்பி வர முடியாதும்மா. அதுக்குத்தான்."

"சரி. வந்த காத்துதான் கைவிடும். எனக்கு வந்ததே இல்லையே சார், என்னைய எது கைவிடும்? இந்த இருபத்தாறு, முப்பதுக்காரங்கதான் ஆபத்து, அவங்களுக்குத்தான் போக ஒண்ணு இருக்கு. நியாயமாப் பார்த்தா இந்தக் கரையிலேயே பத்திரமா கடலுக்குப் போகக்கூடிய ஒரே ஆளு நான்தான்."

கேப்டன் தான் எழுதி ஒட்டிய விதியை ஒருமுறை வாசித்தார். "மீட்புப் படகுல நான் பின்னாடியே வருவேன்," என்றார் கடைசியில்.

"வாங்க சார். பேச்சுத்துணைக்கு ஆச்சு."

சனிக்கிழமை பதினோரு பேர் அட்டவணைக்கு முன்னால் நின்றார்கள். அவரவர் போனைப் பிடித்து, அவரவர் எண்ணைப் பார்த்து, அவரவர் பாயை எடுத்தார்கள். பூஜ்ஜியத்துக்கு நேரே அட்டவணையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நைனா ஒன்பதரை மீட்டர் பாயை இழுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டான்.

"இதுதான் பெருசு. காத்து கொறஞ்சா பெரிய பாய், கணக்கு அதுதான."

"காத்துக்குப் பாய் எடுக்கிறது நீ," என்றாள் மதலேன். "நான் கைக்கு எடுக்கிறேன்." ஐந்து மீட்டர் பாய் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவோடு கடலில் இறங்கி, பாறையைப் பற்றியிருக்கும் பாசியை அலை இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுத்து இழுத்துப் பழகிய கை அது. எந்தக் கனத்தை ஒருமுறை இழுக்கலாம், எந்தக் கனத்தைப் பத்தாயிரம் முறை இழுக்கலாம் என்று அதற்குத் தெரியும்.

விசில் ஊதியதும் பத்துப் பேரும் பத்துத் திசையில் சீறிப் போனார்கள். மதலேன் பாயைத் தன் பக்கமாக இழுத்தாள், தள்ளிவிட்டாள், இழுத்தாள், தள்ளிவிட்டாள். பெரிய பறவை ஒன்று ஒற்றைச் சிறகால் அடிப்பதுபோல் பாய் வப், வப் என்றது, பலகை ஒரு முழம் நகர்ந்தது, நின்றது, ஒரு முழம் நகர்ந்தது. கரையில் சிரித்தார்கள். யாரோ "மாவு சலிக்குது!" என்று கத்தினார்கள். அரைமணியில் நைனா தீவைச் சுற்றி வந்து கோப்பையை வாங்கிக்கொண்டான், ஒரு மணியில் மற்றவர்களும் வந்து பாய்களைக் கழுவப் போட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தார்கள். அவள் அப்போது தீவின் முனையைத்தான் தொட்டிருந்தாள்.

"ஏறிக்கம்மா," என்றார் பின்னால் படகில் கேப்டன். "போதும். பாத்துட்டோம்."

"பேச்சுத்துணைக்கு வந்தா வேற ஏதாச்சும் பேசுங்க சார்."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டார். தீவின் மறுபக்கம் போனதும் கரை மறைந்தது, சிரிப்பு மறைந்தது. கடல் எண்ணெய் ஊற்றிய தாம்பாளமாகக் கிடந்தது, நான்கு மாதமாக எந்தப் பொதுக்காற்றும் தொடாத கடல், அடிப்பாறையும் பாசியும் அதனூடே நீந்துகிற ஓர் ஆமையின் முதுகுக் கட்டமும் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் தெரிந்தன. அந்த நிசப்தத்துக்குள் இருந்தது அவளுடைய வப், வப் மட்டும்தான். உள்ளங்கை கிழிந்தது. கிழிந்த இடத்தில் உப்பு இறங்கியது. தோள் இரண்டும் வேறு யாருடையதோ ஆயின. காற்றில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், அது தன்னைத்தானே தூக்கிக்கொண்டு படியேறுவது மாதிரி என்று. கேட்க ஆளில்லை, அவள் இழுத்தாள்.

மூன்று மணி சுமாருக்குத் தீவைச் சுற்றித் திரும்பி, கரையைப் பார்த்துப் பலகையை நிமிர்த்தினாள், பாயும் அன்றைக்கு முதல்முறையாக ஊர்ப்பக்கம் திரும்பியது. கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது, கோட்டின்மேல் சனம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. அவள் இழுத்தாள். புள்ளிகளுக்குத் தலை வந்தது, சேலை வந்தது. இன்னும் நெருங்கியபோது அவள் ஒன்றைக் கண்டாள்.

கரையில் காற்றடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கமாக இல்லை. எல்லோருடைய முடியும் ஒரே பக்கமாகப் பறந்தது. எல்லாச் சேலையும் எல்லா வேட்டியும் சாமியாரின் அங்கியும் ஒரே பக்கமாக, ஊரை நோக்கி, மெல்ல, ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படிந்துகொண்டிருந்தன. ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக் கடலுக்கு நேராக முகத்தைக் காட்டிப் பிடித்திருந்தாள். நைனா கோப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றான். பிரகாசி ஒரு கையால் பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்திருந்தாள், இரண்டு பேரின் நெற்றிமுடியும் ஒன்றோடொன்று கலந்து பறந்தது.

மதலேனுக்கு ஆத்திரம் வந்தது. பொதுக்காற்று திரும்பி வந்துவிட்டது, ஊருக்கெல்லாம் வந்துவிட்டது, தனக்கு மட்டும் இல்லை. அவள் கழுத்து வியர்வைகூடக் காயவில்லை, பாய் அவள் இழுத்தால் ஒழிய அசையவில்லை. போட்டி முடிந்த பிறகா வர வேண்டும், அதுவும் கரைக்கு மட்டும்? எட்டிவிட வேண்டும், நூறு பாகத் தூரம்தான், நூறு பேர் கைவிரித்து நின்றால் தொட்டுவிடும், அந்தக் காற்றுக்குள் போய் நின்றுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்து இழுத்தாள், மூச்சைப் பிடித்து இழுத்தாள், அவள் வேகமாக இழுக்க இழுக்கக் கரையில் அது இன்னும் பலமாக அடித்தது, சேலைகள் இன்னும் உயரே எழுந்தன, பிள்ளைகள் கூவினார்கள்.

ஐம்பது பாகத்தில் அவளால் முடியவில்லை. கை தானாக நின்றது. பாயின்மேல் நெற்றியை வைத்து மூச்சு வாங்கினாள்.

கரையில் எல்லா முடியும் விழுந்தது. எல்லாச் சேலையும் விழுந்தது. ஒரு கணம் எதுவும் அசையாமல் இருந்தது, பிறகு அவரவர் தனிக்காற்று அவரவரைப் பிய்த்துக்கொண்டு திசைக்கொன்றாகக் கிளம்பியது. மதலேன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாயை ஒரே ஒருமுறை, மெல்ல, தன் பக்கமாக இழுத்துத் தள்ளினாள்.

அத்தனை பேரின் தலைமுடியும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தது.

அவள் அசையவில்லை. பின்னால் படகில் கேப்டன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். கரை முழுவதும் முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு காத்திருந்தது. அந்த அமைதியில், இடுப்பளவு தண்ணீர்வரை நடந்தே வந்துவிட்டிருந்த சூசையின் குரல் மட்டும் கிறீச்சிட்டுக் கேட்டது.

"நிறுத்தாத புள்ள! நிறுத்தாத!"